வான்கோழிப் பொம்மையும் வாலி வதமும்

முந்தாநாள் இரவிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை. நீக்கப்பட்டுவிட்டேன். நீக்கியவர் அக்காள் வீட்டுக்காரர். நிர்வாகி பதவி அவருக்குத் தேர்தல் எதுவும் இல்லாமல் கிடைத்தது. என் குற்றம் ஒரே ஒரு வரி. அவர் போட்ட படத்துக்குக் கீழே, "இது பக்கத்து வீட்டு மக்சிக்கோட சேவல்தானே அத்தான்?" என்று கேட்டேன். கேட்டது அவ்வளவுதான். கேள்விக்குறிகூடப் போட்டிருந்தேன்.

இதெல்லாம் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினொன்றரைக்கு ஒரு காணொளி. அது முடிவதற்குள் இன்னொன்று. ஒரு மணிக்கு இணையக் கடையில் கூடை நிறைந்துவிடும். நான்கு நாள் கழித்துப் பொட்டலக்காரர் வாசலில் ஹாரன் அடிப்பார். நம் வீட்டு ஸ்டோர் ரூமில் மடக்குச் சைக்கிள், எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பு, கடலையே பார்க்காத கடல் தூண்டில் எல்லாம் எப்படிச் சேர்ந்தனவோ, அப்படித்தான் அக்காள் வீட்டுக்கு மடக்குக் கூடாரம் ஒன்றும் இரண்டு வான்கோழிப் பொம்மைகளும் வந்து சேர்ந்தன.

அத்தான் பார்த்த காணொளிகளை நானும் பார்த்தேன். பார்க்காவிட்டால் அக்காள் வீட்டில் சோறு இறங்காது. அமெரிக்காவில் வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டை. அலாஸ்காவைத் தவிர எல்லா மாநிலத்திலும் அந்தப் பறவை உண்டு. விடிவதற்கு முன்னால் ஒருவர் வயல் ஓரத்தில் துணிக்கூடாரம் விரித்து உள்ளே போய் உட்காருவார். வெளியே ஒரு பெட்டைப் பொம்மை, பக்கத்தில் ஓர் இளஞ்சேவல் பொம்மை. வாயில் ஒரு சிறு சவ்வை வைத்துக்கொண்டு பெட்டையின் குரலில் கூப்பிடுவார். தூரத்தில் கிழட்டுச் சேவல் ஒன்று பதில் குரல் கொடுக்கும். தன் வட்டாரத்தில் நேற்றுப் பிறந்த பொடியன் ஒரு பெட்டையோடு நிற்கிறான் என்று கண்டால் அதற்குப் பொறுக்காது. வாலை விசிறியாக விரித்து, தலை சிவப்பும் நீலமுமாக மாற, பொம்மையை மிதிக்க வரும். இருபது கஜத்துக்குள் வந்ததும் கூடாரச் சன்னல் வழியாக அம்பு. பிறகு அந்த மனிதர் கேமராவைப் பார்த்துக் குரல் தழுதழுக்கப் பேசுவார். கோழி அடித்ததற்கு அழுகிறவர்களை நான் அந்தக் காணொளிகளில்தான் பார்த்தேன்.

நம்மூரில் வான்கோழி காட்டில் இல்லை; கிறிஸ்துமஸ் நேரத்தில் ஹோட்டல் மேசையில்தான் இருக்கிறது. அதனால் அத்தான் காட்டுக்கோழிக்கு மாறினார். வில் வாங்கும் யோசனை அக்காள் காதில் விழுந்த அன்றே செத்துப்போனது. "மொதல்ல இந்த வீட்டுக் கூரையில ஒழுகறத அடிங்க, அப்புறம் கோழிய அடிக்கலாம்" என்றாள். அதுவும் போக, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் காட்டுக்கோழிமேல் கை வைக்க முடியாது. ஆகவே அம்புக்குப் பதில் கேமரா. மற்றதெல்லாம் அமெரிக்க முறைப்படி. காட்டுக்கோழிப் பொம்மை விற்பனைக்குக் கிடைக்கவில்லை என்பதால் பொம்மை மட்டும் வான்கோழி. காட்டுச் சேவல் ஒரு கிலோ எடை இருக்கும். தன்னைப்போல் நான்கு மடங்கு பெரிய ஒரு மாமியாரைப் பார்த்து அது எப்படி மயங்கும் என்று கேட்டேன். "நீ எதுக்கெடுத்தாலும் குறை சொல்றே மாப்ளே" என்றார்.

அத்தான் கூடாரம் விரித்த ஜுருவைத் தெரியாதவர்கள் பினாங்கில் யாரும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்தவர்களும் யாரும் இல்லை. எல்லோரும் டோலில் மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டவர்கள். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வண்டிகள் ஜுருவில் நிற்கிற நிற்பை வானொலிக்காரர் மணிக்கு ஒருமுறை அறிவிப்பார். ஒரு பக்கம் ஆட்டோ சிட்டியின் விளக்குகள், இன்னொரு பக்கம் புக்கிட் மின்யாக் தொழிற்சாலைகள். ஆற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. பிறை தொழிற்பேட்டைக் கழிவால் 1970களிலேயே கோலா ஜுரு மீனவர்கள் பிழைப்பு கெட்டு, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்காகக் குரல் கொடுத்து, பிறகு அவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து கெராங் என்ற சிப்பியை வளர்க்கத் தொடங்கியது பழைய கதை. இதற்கெல்லாம் நடுவே, தாமான்களுக்குப் பின்னால், இன்னும் யாரும் வீடு கட்டாத செம்பனைத் தோட்டத் துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. அங்கேதான் காட்டுக்கோழி. செம்பனை மட்டைகள் குவிந்து கிடக்கும் வரிசைகளில் அது சுகமாக வாழ்கிறது. கூடாரம் தேவையில்லை. மோட்டார் சைக்கிளில் போனால் குறுக்கே ஓடும். இதையும் சொன்னேன். குறை சொல்கிறேன் என்றார்.

அந்தக் கூடாரத்துக்குள் மனிதன் ஏன் போய் உட்காருகிறான் என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன்னால் அத்தானின் உடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இலை போட்ட கால்சட்டை, இலை போட்ட முழுக்கைச் சட்டை, இலை போட்ட தொப்பி, கண் மட்டும் தெரிகிற இலை போட்ட முகமூடி. எந்த இலை? கருவாலி இலை. அமெரிக்காவில் 1986இல் இரண்டு கம்பெனிகள் தனித்தனியாகத் தொடங்கி, தங்கள் ஊர் மரப்பட்டையையும் இலையையும் துணியில் அச்சடித்து உலகத்துக்கே விற்றன. அத்தான் போட்டிருப்பது அந்த வழியில் வந்த நகல். ஜுருக் காட்டுக்கோழியின் பாட்டன் பூட்டன் காலம் வரை ஒரு கருவாலி மரத்தைப் பார்த்ததில்லை. செம்பனைத் தோட்டத்தின் நடுவே திடீரென்று ஒரு வெளிநாட்டு மரம் மூக்குக்கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தால் கோழி என்ன நினைக்கும்? முருகனைப் பாருங்கள். வள்ளியோடு பேசிக்கொண்டிருக்கும்போது நம்பிராஜன் வருகிற சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக நின்றுவிட்டார். அந்த மலையில் வளர்கிற மரம் எது என்று பார்த்து நின்றார். இத்தனைக்கும் அவர் சேவலைக் கொடியில் வைத்திருக்கிறவர். சேவலுக்கு ஒளிய வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர்மலைக்கு வருஷா வருஷம் காவடி எடுக்கும் அத்தானுக்கு இந்தப் பாடம் போய்ச் சேரவில்லை. ஜுருவில் உண்மையாகவே ஒளிய வேண்டுமானால் வெள்ளை மைவி காரின் படம் போட்ட சட்டை போதும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த இலை போட்ட உடுப்பையும் அக்காள் சலவை இயந்திரத்தில் போட்டு, பளிச்சென்று வெளுக்கும் தூள் கொட்டித் துவைத்துவிட்டாள். அந்தத் தூளில் இருக்கும் வெண்மைச் சாயம் புற ஊதா ஒளியில் மின்னும். கோழிக்கு நம்மைவிட நிறப்பார்வை அதிகம். நமக்குத் தெரியாத புற ஊதாவும் அதற்குத் தெரியும். அத்தான் ஒளிந்திருக்கவில்லை, விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைவிடக் கொடுமை, கூடாரத்துக்குள் இலைச் சட்டையே தேவையில்லை. உட்புறத் துணி கறுப்பு. உள்ளே இருப்பவர் கறுப்புச் சட்டை போட்டால் இருட்டோடு இருட்டாகப் போய்விடுவார் என்று அதே காணொளிக்காரர்களே சொல்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டபோது எடுத்த கறுப்பு வேட்டியும் கறுப்புச் சட்டையும் அலமாரியில் சும்மா கிடக்கின்றன. காசு செலவில்லாத யோசனையை நம் வீட்டில் யார் கேட்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, நல்ல மனிதர்கள் பசியாறப் போகிற நேரத்தில், என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்தோம். ஏழரைக்கெல்லாம் அந்தக் கூடாரம் இட்லிக் கொப்பரை ஆகிவிட்டது. பேசக் கூடாது, இருமக் கூடாது, கொசுவை அடிக்கக் கூடாது; தடவிக் கொல்லலாம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் காகிதம் சரசரக்கும் என்று அதைக் காரிலேயே வைத்துவிட்டார். காட்டுச் சேவலின் கூவலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டார். ஒருமுறை கூவியது. இரண்டாவது கூவலுக்கு முன்னால் காப்புறுதி விளம்பரம் ஒன்று உச்சக் குரலில் ஓடியது. தோட்டம் முழுவதும் அமைதியாகி, பக்கத்து நெடுஞ்சாலை லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

வேறு வேலை இல்லாததால் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, இந்த வேட்டையை அமெரிக்கர்கள் கண்டுபிடிக்கவே இல்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. கிஷ்கிந்தையில் நடந்தது இதுதான்.

வரிசையாகப் பாருங்கள். மரங்களின் மறைவு. உள்ளே வில்லோடு ஒருவர். வெளியே கூப்பிட்டுச் சண்டைக்கு இழுக்க ஒருவன். சுக்கிரீவன் போட்ட கூச்சல்தான் அன்றைய கைப்பேசி ஒலி. இடையில் காப்புறுதி விளம்பரம் வரவில்லை என்பது ஒன்றே வித்தியாசம். வட்டாரத்துக்குச் சொந்தக்காரன் வாலி. தன்னிடம் அடி வாங்கி ஓடிய பொடியன் வாசலில் நின்று கூவுகிறான் என்றதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. இளஞ்சேவல் பொம்மையைப் பார்த்துக் கிழட்டுச் சேவல் விசிறி விரிக்கிற அதே கோபம்.

தாரை தடுத்தாள். அடி வாங்கிப் போனவன் உடனே திரும்பி வருகிறான் என்றால் துணைக்கு ஆள் இருக்கிறது, போகாதே என்றாள். வான்கோழி வேட்டைக்காரர்களின் பெரிய புலம்பல் என்ன தெரியுமா? சேவலோடு நிஜப் பெட்டைகள் இருந்தால் அது பொம்மையைத் தேடி வராது. பெட்டைகள் வேறு பக்கம் நடக்கும். சேவல் பின்னாலேயே போய்விடும். வேட்டைக்காரர் நாள் முழுக்கக் கூடாரத்தில் வெந்துகொண்டிருப்பார். அமெரிக்க வான்கோழி வீட்டுக்காரி பேச்சைக் கேட்கிறது, வாலி கேட்கவில்லை. வித்தியாசம் இவ்வளவுதான். இதை அக்காளிடம் சொன்னபோது முதல் தடவையாக வான்கோழியின்மேல் அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

முதல் சுற்று வேட்டை தோல்வி. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. கட்டிப் புரண்டபோது யார் வாலி, யார் சுக்கிரீவன் என்று தெரியவில்லை. அம்பு விடவில்லை. பொம்மை உதை வாங்கிக்கொண்டு ஓடி வந்தது. உலகத்திலேயே உதை வாங்கி வந்து, "ஏன் சுடவில்லை?" என்று வேட்டைக்காரரிடம் சண்டை போட்ட பொம்மை அது ஒன்றுதான். அப்புறம் கொடிப்பூவைச் சூட்டி அனுப்பினார்கள். அடையாளம் வைக்காத பொம்மை ஆபத்து என்று தமிழனுக்குக் கம்பர் காலத்திலேயே தெரியும். அத்தானுக்கு மட்டும் தெரியவில்லை. அதற்கு வருகிறேன்.

அம்பு பாய்ந்த பிறகு நடந்தது இன்னும் விசேஷம். கம்பர் சொல்கிறபடி, வாலி அம்பைப் பிடித்து இழுத்து அதில் இராமன் என்ற பெயரைப் படிக்கிறான். இங்கேதான் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்: அம்பில் பெயரைப் பொறித்துவிட்டு மறைந்து நிற்பானேன்? மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, முகவரி அட்டையை முன்னால் நீட்டுவது என்ன முறை? வாலி விடவில்லை. அடிபட்ட பிராணி வேட்டைக்காரரை நிற்க வைத்து இவ்வளவு நேரம் கேள்வி கேட்டது வேறு எங்கும் இல்லை. என் மாமிசம் உங்களுக்கு ஆகாது, என் தோல் ஆகாது, பின்னே எதற்கு என்று வால்மீகியில் கேட்கிறான். அதற்கு இராமன் தரும் பதில்களில் ஒன்றைத்தான் கூடாரக் கம்பெனிக்காரர்கள் பெட்டியின்மேல் அச்சடித்துக்கொள்ள வேண்டும்: மனிதர்கள் வலை விரித்தும் கண்ணி வைத்தும் மறைந்திருந்தும் மிருகங்களைப் பிடிப்பது வழக்கம்தானே என்கிறார். கம்பரில் இலக்குவன் வேறு காரணம் சொல்கிறான். நேருக்கு நேர் வந்திருந்தால் நீயும் அடைக்கலம் என்று காலில் விழுந்திருப்பாய், அதனால்தான் மறைந்து நின்றார் என்கிறான். கூடாரத்துக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் வெளியே வந்து நேராக நின்றால் காட்டுக்கோழி சரணாகதி அடைந்துவிடும். கேமராவுக்கு வேலை இல்லாமல் போய்விடும். அந்தத் தர்மசங்கடத்தைத் தவிர்க்கத்தான் ஒளிந்திருக்கிறோம். "சிரிக்காதே மாப்ளே, ஓடிடும்" என்று கிசுகிசுத்தார். எது ஓடும்? எதுவும் வரவே இல்லை.

இதைப் பட்டிமன்றத்தில் வைத்து நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசியிருக்கிறார்கள். தீபாவளிக்குத் தமிழ்நாட்டிலிருந்து பேச்சாளர்களை விமானத்தில் வரவழைத்து, மண்டபம் பிடித்து, நெய் பிஸ்கோத்துக் கொடுத்துப் பேச வைக்கிறோம். மறைந்து நின்றது சரியா தவறா என்று இரண்டு அணியும் தொண்டை கட்டக் கத்திய பிறகு, நடுவர் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பார். இந்தத் தீர்ப்புக்கு ஒரு நடுவர் எதற்கு? அதை நானே பேருந்துச் செலவுக்குச் சொல்லியிருப்பேனே. ஒரு வேட்டைக்காரரையாவது மேடையில் ஏற்றினார்களா? பொம்மை வைத்துச் சேவலைக் கூப்பிட்டவன் ஒருவன் வந்து உட்கார்ந்தால் வழக்கு பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். தாமானுக்கு அந்தப் பக்கம் கம்பத்தில் இருக்கும் பாக்சிக். மலாய்க் கம்பங்களின் பழைய கலை அவர் கையில் இருந்தது. டெனாக் என்ற பழக்கப்பட்ட சேவலைத் துணியில் சுற்றி இடுப்போடு அணைத்துக் கொண்டுபோவார். காட்டோரத்தில் ஒரு குச்சி அடித்து அதன் காலைக் கயிற்றால் கட்டுவார். சுற்றிலும் ராசிக், முளைகளில் கோத்த சுருக்குகளின் வளையம். சருகைத் தூவி மறைத்துவிட்டுப் புதருக்குப் பின்னால் குந்திக்கொள்வார். டெனாக் கூவும். அந்த இடத்துச் சேவல் பதில் கூவும். கூவக் கூவக் கிட்டே வரும். கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தால் கால் சுருக்கில். கூடாரம் இல்லை, கருவாலி இலை இல்லை, விளம்பரம் இல்லை. பாக்சிக் அன்றைக்குக் கட்டியிருந்தது பழைய கைலி. அதில் பெரிய பெரிய பூ.

அத்தானின் கூடாரத்தை அவரிடம் காட்டினோம். ஜிப்பைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "பானாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சூடு. என் மூன்று காரணங்களில் முதலாவது இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஆனால் அதைச் சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சேவல் வந்தது.

வந்தது நிஜம். செம்மஞ்சள் பிடரி, கரும்பச்சை வால், நடையில் ஒரு திமிர். வான்கோழிப் பெட்டையை ஒருமுறை சுற்றி வந்தது. அதன் முதுகில் ஏறி நின்றது. சாவகாசமாக எச்சமிட்டது. அத்தானின் விரல் பொத்தானிலிருந்து எழவே இல்லை. இரவு அந்தப் படங்கள் முழுவதும் குழுவில் கொட்டின: "ஜுருவின் காட்டு ராஜா, நேருக்கு நேர்." சுங்கை பட்டாணி அத்தை வாழ்க வளமுடன் என்றார். கிள்ளான் தம்பி நெருப்பு நெருப்பாகப் போட்டான். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காட்டுச் சேவலுக்குக் கால் சாம்பல் நிறம், இதற்கு மஞ்சள். காட்டுச் சேவலின் கூவல் கடைசியில் வெட்டுப்பட்டு நிற்கும். இது கூவியபோது கடைசி எழுத்தைச் சங்கீத வித்வான் கணக்காக இழுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக இடது காலில் நீல நைலான் கயிறு ஒரு முழம். மக்சிக் கட்டி வைத்ததை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. சுக்கிரீவனுக்குக் கொடிப்பூ, இதற்கு நைலான். இதைவிட அடையாளம் வேறு என்ன வேண்டும்?

யூனிவர்சிட்டியில் படிக்கும் மருமகன் சமாதானம் செய்ய வந்தான். 863 கோழி வகைப் பறவைகளின் மரபணுவை அலசி 2020இல் ஓர் ஆய்வு வந்ததாம். வீட்டுக்கோழி எல்லாமே தென்கிழக்காசியக் காட்டுக்கோழி வழியில் வந்ததுதானாம். நம் தீபகற்பத்தில் இருப்பதும் அதே உள்ளினமாம். இரண்டும் இன்னமும் கலந்துகொண்டுதான் இருக்கின்றனவாம். "அதனால ரெண்டு பேர் சொல்றதும் சரிதான் மாமா" என்றான். பட்டிமன்ற நடுவராகப் போக வேண்டிய பையன். நான் நைலான் கயிற்றை மட்டும் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் நான் குழுவில் இல்லை.

அக்காள் தொலைபேசியில் சொன்ன செய்தி: பொம்மைகள் இரண்டையும் வீட்டுக்குப் பின்னால் பப்பாளி மரத்தடியில் நட்டுவிட்டாளாம், மைனாக்களை விரட்டுவதற்கு. மைனாக்கள் அந்த இளஞ்சேவலின் தலையில் ஏறி நின்றுகொண்டு, முன்னைக்கு இப்போது வசதியாகப் பப்பாளியைக் கொத்துகின்றனவாம். அத்தான் நேற்று இரவே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். ஆந்தைப் பொம்மை. புதன்கிழமை வருகிறது. தலை தானாகச் சுற்றுமாம். பேட்டரி நாம்தான் தனியாக வாங்க வேண்டுமாம்.